ஒரே ஒரு லேப்டாப்பும் ஹைக்கூவும்

என்னிடம் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். அதிலிருந்த விண்டோஸை அடியோடு அழித்துவிட்டு ஹைக்கூ என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை மட்டும் போட வேண்டும் என்று ஒரு நாள் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. பக்கத்தில் லினக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, ஏதாவது ஆனால் அங்கே போய் ஒதுங்கலாம் என்கிற ஏற்பாடெல்லாம் கிடையாது. வேறு சிஸ்டத்துக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷினும் வேண்டாம், இரண்டு சிஸ்டத்தை அருகருகே வைக்கும் டூயல் பூட்டும் வேண்டாம், நேராக லேப்டாப்பின் இரும்பிலேயே ஹைக்கூ மட்டும். தெரிந்தவர்கள் யாரும் இதைச் செய்ததில்லை, அதனால் தடுக்கவும் ஆளில்லை. மூன்று வார இறுதிகள் போயின. ஒரு பென் டிரைவில் இருந்த பழைய கோப்புகளில் பாதி போயிற்று. கடைசிவரை வேலை செய்யாத ஒரு வைஃபை டாங்கிளுக்குக் காசு போயிற்று. இதில் முக்கால்வாசி என் அவசரத்தால் வந்தது. ஆனால் முன்கூட்டியே யாராவது ஐந்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம், அந்த ஐந்து நிமிடத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

ஹைக்கூ என்றதும் மூன்று வரிக் கவிதை ஞாபகம் வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக. ஜான் லூயி காசே 1990-இல் தொடங்கிய பீ என்ற நிறுவனம் பீஓஎஸ் என்று ஒரு சிஸ்டம் செய்தது. வேகமானது, அழகானது, சந்தையில் நிற்கவில்லை. 2001-இல் பாம் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டபோது, பீஓஎஸ் மேல் பிரியம் வைத்திருந்த சிலர் அதை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூலத்தில் மறுபடி முதலிலிருந்து எழுதுவோம் என்று ஓபன்பீஓஎஸ் என்ற பெயரில் தொடங்கினார்கள். 2004-இல் ஹைக்கூ என்று பெயர் மாறியது. பீஓஎஸ்ஸுடன் வந்த நெட்பாசிட்டிவ் பிரவுசர் பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதையாகக் காட்டும், பெயருக்குப் பின்னால் இருப்பது அதுதான். முதல் ஆல்ஃபா, அதாவது ஆரம்பச் சோதனைப் பதிப்பு, 2009-இல், அடுத்த கட்டச் சோதனைப் பதிப்பான பீட்டா முதன்முதலில் 2018-இல், நான் போட்ட ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில் வந்தது. அதாவது இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் முதல் முழுப் பதிப்புக்கே இன்னும் பீட்டாதான். இந்த ஒரு தகவலே எனக்கு எச்சரிக்கையாகப் பட்டிருக்க வேண்டும். எனக்கோ அது காதல் கதை மாதிரி தெரிந்தது.

தயாரிப்பு வேலை எளிது, அதனாலேயே அலட்சியம் வந்துவிடுகிறது. ஹைக்கூவின் தளத்தில் எனிபூட் என்று ஒரு இமேஜ், அதாவது டிஸ்க் ஒன்றின் முழு நகல், ஒரே கோப்பாகக் கிடைக்கும், அதே ஒரு கோப்பை டிவிடியிலும் எழுதலாம், பென் டிரைவிலும் எழுதலாம். இதைக் காப்பி பேஸ்ட் செய்தால் ஆகாது, டிஸ்க் முழுவதன் மேலும் இமேஜாக எழுதும் கருவி வேண்டும். விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே 16 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் எழுதிக்கொண்டேன். லேப்டாப்பின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன், அதை அணைக்காவிட்டால் சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சின்ன நிரலான ஹைக்கூவின் லோடரை லேப்டாப் தொடவே தொடாது. இந்த இடத்திலேயே நான் இன்னொன்றையும் செய்திருக்க வேண்டும்: அதே இமேஜை இன்னொரு பென் டிரைவிலும் எழுதி ஓரமாக வைத்திருக்க வேண்டும். எழுதும் கருவி ஓடுகிற ஒரே சிஸ்டத்தை அழிக்கப் போகிறோம், கையில் ஒரே ஒரு ஸ்டிக், அது செத்தால் அப்புறம் எதில் எழுதுவது? இந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை.

ஸ்டிக்கிலிருந்து பூட் செய்தால் நிறுவுகிறாயா, சும்மா பார்க்கிறாயா என்று கேட்கும். சும்மா பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். சில விநாடிகளில் டெஸ்க்டாப் வந்து நின்றது, மஞ்சள் நிறத் தாவல் வைத்த ஜன்னல்கள், தொட்டதும் திறக்கிற மெனுக்கள். பத்து வயது லேப்டாப் புதிதாக மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அந்த மயக்கத்தில் இருபது நிமிடம் விளையாடிவிட்டு, போதும், போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். வைஃபை பட்டியல் காலியாக இருந்ததைப் பார்த்தேன், நிறுவிய பிறகு ஏதாவது டிரைவர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டிரைவரை எங்கிருந்து எப்படி இறக்குவேன் என்று யோசிக்கவில்லை. நீங்கள் செய்வதானால் ஸ்டிக்கிலேயே இரண்டு மூன்று நாள் குடியிருந்து பாருங்கள். நெட் வருகிறதா, டச்பேட் ஒழுங்காக ஓடுகிறதா, ஒலி வருகிறதா, ஒரு வீடியோ ஓடுகிறதா, திரை வெளிச்சத்தைக் குறைக்க முடிகிறதா. ஸ்டிக்கில் வராதது டிஸ்க்கில் போட்டாலும் வராது. உள்ளே இருப்பது அதே டிரைவர்கள்தான்.

இனிச் சொல்வதுதான் எனக்கு எழுதக் கூச்சமாக இருக்கும் பகுதி. என்னிடம் 128 ஜிபி பென் டிரைவ் ஒன்று இருந்தது. அதற்கு நான் வைத்திருந்த பெயர் பேக்கப். உண்மையில் அது பேக்கப் இல்லை. லேப்டாப்பின் டிஸ்க்கும் 128 ஜிபிதான், இடம் போதாமல் போகும்போதெல்லாம் பழைய போட்டோக்களையும் வேலைக் கோப்புகளையும் கட் செய்து இதில் போட்டுப் போட்டு, ஏழெட்டு வருடம் அங்கே சேர்ந்திருந்தது. வேறெங்கும் பிரதி கிடையாது. நிறுவும் அன்று காலை லேப்டாப்பில் மிச்சமிருந்ததையும் அதிலேயே நகலெடுத்தேன். எடுத்துவிட்டுக் கழற்ற மறந்தேன். ஹைக்கூவில் டிஸ்க்குகளைப் பிரித்து அமைக்க டிரைவ்செட்அப் என்று ஒரு நிரல் இருக்கிறது. திறந்ததும் பட்டியலில் 128 ஜிபி அளவில் ஒன்று கண்ணில் பட்டது. என் டிஸ்க் 128 ஜிபி, ஆகவே இதுதான். இனிஷியலைஸ், ஜியூஐடி பார்ட்டிஷன் மேப். நிச்சயமா என்று கேட்டது, ஆம். உண்மையாகவே நிச்சயமா, திரும்ப எடுக்க முடியாது என்று இன்னொரு முறையும் கேட்டது, அதற்கும் ஆம். பார்ட்டிஷன் என்கிற பிரிவைப் போட்டேன், ஹைக்கூ கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையான பீ ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட்டும் செய்தேன். முடித்துவிட்டுப் பட்டியலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினால், அங்கே இன்னொரு 128 ஜிபி, அதில் விண்டோஸின் பார்ட்டிஷன்கள் ஒன்றுகூடக் கலையாமல் வரிசையாக இருந்தன.

அழிக்க வேண்டியது அப்படியே இருந்தது, காக்க வேண்டியது போய்விட்டது. சில நிமிடம் எதையும் தொடவில்லை. அழுகை வரவில்லை, ஒரு மாதிரி காது அடைத்துக்கொண்டது. மூளையின் ஒரு மூலை மட்டும், சும்மா பழைய முறைக்கே திரும்ப ஃபார்மட் செய்தால் வந்துவிடாதா என்று உளறிக்கொண்டிருந்தது. நல்லவேளை அதைக் கேட்கவில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் அந்தக் கணமே டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், அதில் ஒரு பைட்கூட எழுதாதீர்கள். பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போயிருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி பெரும்பாலும் அதை மீட்டுக்கொடுத்துவிடும். நான் ஃபார்மட்டும் செய்துவிட்டேன், அதனால் அந்த வழி அடைபட்டது. மிச்சமிருந்தது அதன் உடன்பிறப்பு ஃபோட்டோரெக். அது கோப்புகளின் பெயரையோ ஃபோல்டரையோ பார்க்காது, டிஸ்க்கை அடியிலிருந்து துழாவி, இது போட்டோவின் தலை, இது பிடிஎஃப்பின் தலை என்று அடையாளம் கண்டு அள்ளிக்கொண்டு வரும். விண்டோஸ் இன்னும் இருந்ததால் அதில் போய் அந்த வார இறுதி முழுவதும் ஓடவிட்டேன். ஆயிரக்கணக்கில் போட்டோக்கள் கிடைத்தன, எல்லாம் எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக, தேதியும் இல்லை வரிசையும் இல்லை. வேலைக் கோப்புகளில் பாதிதான் திறந்தன. அவற்றை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு அவரிடமே கொடுத்துவைத்தேன், என் கையில் இருந்தால் அதையும் ஃபார்மட் செய்வேன் என்று எனக்கே பயம்.

ஜிபி அளவை வைத்து டிஸ்க்கை அடையாளம் காணாதீர்கள் என்பது இதில் நான் வாங்கிய அடி. ஹைக்கூ ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பாதை காட்டும், யுஎஸ்பியில் செருகியது என்றால் அந்தப் பாதையின் நடுவிலேயே யுஎஸ்பி என்ற வார்த்தை இருக்கும். நான் வாசித்திருந்தால் போதும், கண் முன்னால்தான் இருந்தது. அதைவிட உருப்படியான வழி, நிறுவும் ஸ்டிக்கைத் தவிர வேறு எதுவும் லேப்டாப்பில் செருகாமல் இருப்பது. மெமரி கார்டு இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். இன்னொன்று, ஒரே பிரதி இருக்கிற இடத்துக்கு பேக்கப் என்று பெயர் வைக்காதீர்கள், அது வெறும் இடமாற்றம்.

நியாயமாக அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு இழந்துவிட்டு விண்டோஸோடேயே இருப்பதா என்று ஒரு வீம்பு. அடுத்த சனிக்கிழமை மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை சரியான டிஸ்க். இஎஸ்பி என்கிற பூட் பார்ட்டிஷனுக்குக் கொஞ்சம் இடம், மீதி முழுவதும் ஹைக்கூவுக்கு. இன்ஸ்டாலரை அழுத்தினால் காபி ஆற்றுவதற்குள் முடிந்துவிட்டது, ஹைக்கூ அவ்வளவு சிறியது. ஸ்டிக்கைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தேன். பூட் செய்ய எந்த டிஸ்க்கும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. கவிதையாகக்கூட இல்லை.

மூன்று முறை நிறுவிப் பார்த்தேன், மூன்று முறையும் அதே வரி. விண்டோஸ் இப்போது நிஜமாகவே இல்லை. கையில் போன் மட்டும், அதன் சின்னத் திரையில் தேடித் தேடி நள்ளிரவு தாண்டியது. காரணம் கடைசியில் தெரிந்தபோது என் மேல்தான் கோபம் வந்தது, ஏனென்றால் அது அதிகாரபூர்வ வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிற விஷயம். பழைய பயாஸ் முறையில் பூட் ஆகும் கணினி என்றால் கதை வேறு. பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய முறை யுஇஎஃப்ஐ, அந்தக் கணினி இயங்கத் தொடங்கும்போது ஹைக்கூவின் பார்ட்டிஷனைப் பார்க்காது, அந்த ஃபைல் சிஸ்டமே அதற்குப் புரியாது. அதற்குப் பொதுவாகப் புரிவது ஃபேட் என்ற பழைய எளிய ஃபைல் சிஸ்டம் மட்டும்தான். ஆகவே ஃபேட்டில் ஃபார்மட் செய்த இஎஸ்பி பார்ட்டிஷனுக்குள் இஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் என்ற ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடும். அந்தக் கோப்புதான் ஹைக்கூவின் லோடர், அதுதான் உள்ளே போய் ஹைக்கூவைக் கூப்பிடும். லினக்ஸ் நிறுவிகளும் விண்டோஸ் நிறுவியும் இதை நமக்குத் தெரியாமலேயே செய்துவிடுவதால் இப்படி ஒரு வேலை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. நான் போட்ட ஹைக்கூவின் இன்ஸ்டாலர் இதைச் செய்யவில்லை, நாம்தான் கையால் வைக்க வேண்டும். வேறு சிஸ்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதன் பூட் மெனுவிலேயே ஹைக்கூவைச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு, அதனால் பலர் இந்தக் குழியைக் கவனிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். தனியாக வருகிறவன்தான் நேராக உள்ளே விழுகிறான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஸ்டிக்கிலிருந்து பூட் செய்து டிரைவ்செட்அப்பில் இஎஸ்பி பார்ட்டிஷனை உருவாக்கினால் மட்டும் போதாது, அதை ஃபேட்32-இல் இனிஷியலைஸ் செய்ய வேண்டும் (நான் வகையை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு உள்ளே ஃபைல் சிஸ்டமே போடாமல் விட்டிருந்தேன், அதில் ஒரு மணி நேரம்). பிறகு டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து மவுண்ட் மெனுவில் அதையும், நிறுவும் ஸ்டிக்கில் ஹைக்கூ இஎஸ்பி என்ற பெயரில் இருக்கும் சின்னப் பகுதியையும் திறக்க வேண்டும். அங்கிருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே இழுத்து இங்கே போட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

பெரும்பாலானவர்களுக்குக் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. கோப்பை வைத்த பிறகும் லேப்டாப் டிஸ்க்கே இல்லை என்றது. சில லேப்டாப்களின் உள்ளேயே பதிந்து வரும் தொடக்க நிரலான ஃபர்ம்வேர் அந்தப் பொதுவான இடத்தைப் பென் டிரைவில் மட்டும்தான் தேடுமாம், உள் டிஸ்க்கில் என்றால் தன் நினைவில் பதிந்திருக்கிற பெயரைத்தான் தேடும். என் லேப்டாப்பின் நினைவில் பதிந்திருந்த ஒரே பெயர் விண்டோஸ் பூட் மேனேஜர். விண்டோஸ் போய்விட்டது, பெயர் போகவில்லை. சரி, அதற்கு வேண்டியது அதுதானே என்று இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் பூட் என்று ஒன்று, அதில் ஹைக்கூவின் லோடரை பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐ என்று பெயர் மாற்றி வைத்தேன். ரீஸ்டார்ட். ஹைக்கூவின் பூட் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து கடைசி ராக்கெட்டும் எரிந்தது. எந்தச் சிஸ்டத்தின் நிழலும் வேண்டாம் என்று கிளம்பியவன், கடைசியில் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டுதான் என் வீட்டுக்குள்ளேயே நுழைந்தேன். இன்றுவரை அப்படித்தான் பூட் ஆகிறது.

ஒரு சின்னக் குறிப்பு: ஹைக்கூவைப் புதுப்பிக்கும்போது இப்படிக் கையால் வைத்த லோடர் தானாக மாறாது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு புதிய லோடரை மறுபடி நாமே நகலெடுக்க வேண்டும், என் விஷயத்தில் இரண்டு இடத்திலும்.

அடுத்தது நெட். வைஃபை வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அவசரமாகப் போய் ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். பெட்டியில் எல்லாச் சிஸ்டத்துக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஹைக்கூவின் வைஃபை டிரைவர்கள் ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற வேறு இரண்டு சிஸ்டங்களிலிருந்து எடுத்தவை, அங்கே ஆதரவு இல்லாத சிப் இங்கேயும் வராது. டாங்கிளின் பிராண்டைப் பார்த்துப் பயனில்லை, உள்ளே எந்த சிப் என்று பார்க்க வேண்டும், அதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். பெட்டியைக் கிழித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து போனின் நெட்டைக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் ஹைக்கூ அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும் என்று. நான்காவது பீட்டாவிலிருந்தே அந்த டிரைவர் இருக்கிறது. அந்தக் கேபிள் முதல் நாளிலிருந்து என் மேஜை மேல்தான் கிடந்தது.

நெட் வந்ததும் மனிதனுக்குத் திமிர் வரும் போல. பீட்டா பழசு, தினமும் கட்டப்படும் நைட்லியில்தான் புதிய டிரைவர்கள் இருக்கும், வைஃபை வந்தாலும் வரலாம் என்று அப்டேட்கள் வரும் இடமான ரெப்பாசிட்டரியை நைட்லிக்கு மாற்றி முழு அப்டேட் கொடுத்தேன். அடுத்த பூட்டில் பாதியில் நின்று, திரை முழுக்க எழுத்தாக, கெர்னல் டீபகிங் லேண்டுக்கு நல்வரவு என்று ஆங்கிலத்தில் வரவேற்றது. ஹைக்கூக்காரர்கள் இதைச் சுருக்கமாகக் கேடிஎல் என்பார்கள். மற்ற சிஸ்டங்களில் இப்படி ஆனால் பெரும்பாலும் திரை உறைந்துவிடும் அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகிவிடும், இதில் கர்சர் சிமிட்டிக்கொண்டு கட்டளை கேட்கிறது. பிடி என்று இரண்டு எழுத்து அடித்தால் எந்த இடத்தில் விழுந்தது என்று அடுக்கிக் காட்டும், ரீபூட் என்றால் ரீபூட் ஆகும். யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் திரையை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிஸ்டம் நின்ற பிறகு கையில் இருக்கும் சாட்சி அதுதான்.

எனக்கு அப்போது அதையெல்லாம் ரசிக்கும் மனநிலை இல்லை. மறுபடி முதலிலிருந்தா என்று லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். அன்று மாலை தற்செயலாகத்தான் பூட் மெனுவைப் பார்த்தேன். யுஇஎஃப்ஐ கணினியில் தொடங்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்த வேண்டும், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட். அதில் பாதுகாப்பு முறை, பழைய தர வீடியோ முறை என்று பல இருக்கின்றன, ஆனால் தங்கமான விஷயம் எதிலிருந்து தொடங்குவது என்று பூட் வால்யூமைத் தேர்ந்தெடுக்கும் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. ஹைக்கூவில் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் விரித்துப் போட்ட கோப்புகள் அல்ல, பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பேக்கேஜ்களை அப்படியே ஏற்றி, படிக்க மட்டும் முடிகிற ஃபோல்டராகக் காட்டுகிறது. ஒவ்வொரு அப்டேட்டின் போதும் பழைய பேக்கேஜ்களைத் தேதி போட்டு ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த மெனுவில் அப்டேட்டுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி நேற்றைய டெஸ்க்டாப் வந்து நின்றது. என் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, ஸ்டிக்கிலிருந்து பீட்டாவையே சுத்தமாக மறுபடி போட்டேன், லோடர் நகலெடுப்பது உட்பட எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். நைட்லி பக்கம் அதற்கப்புறம் போகவில்லை.

இந்த மூன்று வாரமும் நான் தப்பாகப் பயந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. வேறொரு சிஸ்டம் இல்லையே, விழுந்தால் யார் தூக்குவார்கள் என்பதுதான் என் பயம். போட்டோக்களை மீட்ட அந்த ஒரு தடவையைத் தவிர்த்தால் (அதுவும் பேக்கப் ஒழுங்காக இருந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது) விழுந்த ஒவ்வொரு முறையும் தூக்கியது ஹைக்கூவேதான். ஒருமுறை நிறுவும் ஸ்டிக்கில் இருந்த ஹைக்கூ, இன்னொரு முறை முந்தைய தேதியின் ஹைக்கூ. துணைக்கு வேறொன்று வேண்டாம், இதே சிஸ்டத்தின் இன்னொரு பிரதி பூட் ஆகிற நிலையில் இருந்தால் போதும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த நள்ளிரவுகளில் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இப்போது தினமும் இதில்தான் எழுதுகிறேன். குறை நிறைய. மூடியை மூடினால் உறங்கிப் போகும் வசதி இல்லை, வேலை முடிந்தால் அணைத்துவிட வேண்டியதுதான், நல்லவேளை தொடங்க விநாடிக் கணக்குதான் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை இது பயன்படுத்துவதில்லை, விளையாட்டுக்காரர்களுக்கு ஆகாது. ஹைக்கூவுடன் வரும் வெப்பாசிட்டிவ் பிரவுசர் கனமான தளங்களில் திணறும். இதன் சொந்த நிரல்களில் தமிழைப் பார்த்தால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகக் கலைந்து கிடக்கும், க்யூட்டி என்ற நிரல் எழுதும் கருவித்தொகுப்பில் எழுதப்பட்ட நிரல்களில் ஒழுங்காகத் தெரிகிறது, அதனால் அவற்றில்தான் எழுதுகிறேன். ஒரே பயனர்தான், அவருக்கே எல்லா அதிகாரமும், கை தவறினால் தடுக்க யாருமில்லை. பணம் சம்பந்தப்பட்ட எதையும் போனிலேயே முடித்துக்கொள்கிறேன். ஆனால் கோப்புகளுக்கு நாமே பண்புகள் வைத்து, தேடலையே ஒரு ஃபோல்டர் மாதிரி சேமித்து வைக்கிற வசதி இருக்கிறதே, பீஓஎஸ் காலத்திலிருந்து வருவது, அதைப் பழகிய பிறகு வேறெங்கும் கை ஓடமாட்டேன் என்கிறது. மீட்ட போட்டோக்களை இரவல் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு தொகுதியாகக் கொண்டுவந்து, யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருடம் என்று எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் கால்வாசிகூட முடியவில்லை.

அந்த 128 ஜிபி பென் டிரைவை ரொம்ப நாள் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. போன வாரம் எடுத்தேன். ஹைக்கூவின் இன்ஸ்டாலருக்கு எதிலிருந்து எதில் என்று சொன்னால் போதும், ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தையே பென் டிரைவில் முழுதாக நிறுவிக் கொடுக்கும், வேறு கணினியும் வேண்டாம், இமேஜும் வேண்டாம். முதலில் இஎஸ்பி, ஃபேட்32, லோடர், மீதி ஹைக்கூ. பட்டியலில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் முன் பாதையில் யுஎஸ்பி என்று இருக்கிறதா என்று விரல் வைத்து இரண்டு முறை வாசித்தேன். பூட் ஆகிறதா என்று சோதித்துவிட்டு, மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டி ஹைக்கூ, மாற்றுச் சாவி என்று எழுதி லேப்டாப் பையின் உள் ஜிப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.